சந்தேகங்களுக்கு விளக்கம்: இயந்திரம் யாருடைய சுமையைக் குறைத்தது?

‘இயந்திரம் வந்ததால் விவசாயிக்குச் சுமை குறைந்ததா, வேலை பறிபோனதா?’ என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிலம் வைத்திருந்தவருக்குச் சுமை குறைந்தது, கூலிக்காரருக்கு வேலை போனது. ஆனால் எந்த வேலை போனது என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே கதிரடிப்பு கையால்தான் நடந்தது. நீளத் தடி ஒன்று, அதன் நுனியில் தோல்வாரால் கட்டிய குட்டைத் தடி ஒன்று. ஓர் அருங்காட்சியகத்தில் அதை எடுத்து ஒரு சுழற்று சுழற்றினேன். குட்டைத் தடி நேராக என் காதில் வந்து விழுந்தது. சரி, அது இருக்கட்டும். நெஞ்செல்லாம் தூசி அடைக்கும் வேலைதான். ஆனால் உழவும் அறுப்பும் இல்லாத பனிக்காலத்தில் கூலிக்காரர் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். 1786 வாக்கில் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரம் செய்தார். அது மெல்லப் பரவியதும் அந்தப் பனிக்கால வேலை பறிபோனது.

நான் அடிக்கடி சொல்வேனே, இயந்திரம் முதலில் கை வைப்பது ஓய்ந்த நேரத்து வேலையில்தான் என்று. வீட்டு ராட்டையும் அப்படித்தான் போனது. பெண்களும் பிள்ளைகளும் நூற்றுச் சேர்த்த காசு, நூற்பாலை வந்ததும் நின்றது. அதே காலத்தில் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்கள் போட்டுப் பொதுமேய்ச்சல் நிலங்களைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தது. பசு வைத்திருந்தவருக்கு மேய்க்க இடமில்லை. ராட்டை, பசு, பனிக்காலக் கதிரடிப்பு மூன்றும் போனால் மிஞ்சுவது கூலி மட்டும்.

1830-ல் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் தொடங்கி, கூலிக்காரர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். ‘கேப்டன் ஸ்விங்’ என்று இல்லாத ஒருவர் பெயரில் மிரட்டல் கடிதம் வேறு. அரசு 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. இயந்திரத்தை உடைத்ததை மூடத்தனம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உடைத்தவர்கள் கேட்டது நல்ல கூலியும் பனிக்கால வேலையும்தான்.

அப்புறம், நேயர் இதைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்: வயலை விட்டு ஆலைக்குப் போனவர் புதிதாக எதைக் கற்றுக்கொண்டார்? மணி பார்க்க! வயலில் மழை வந்தால் வேலை நிற்கும், வெயில் வந்தால் தொடரும். ஆலையில் சில நிமிடம் பிந்தினாலும் கூலியில் பிடித்தம். அதனால் விடியலில் நீளக் கழியால் ஜன்னலைத் தட்டி எழுப்புவதற்கென்றே ஆலை நகரங்களில் ஆட்கள் இருந்தார்கள். சேவல் கூவி எழுந்து பழகியவர், எழுப்பிவிடச் சொல்லி வாரா வாரம் காசு கொடுத்தார்.