எழுதி வைத்த நோக்கம்

(இளம் தொழில்முனைவோரும் சட்ட மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சட்டம், படைப்பாற்றல், நோக்கமுள்ள தலைமை. இந்த மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இவற்றில் பின்னிரண்டைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். சட்டம் என்றதும் முகம் வாடிவிடும். வக்கீல் என்றால் தகராறு வந்தபிறகு போய்ப் பார்க்க வேண்டிய ஆள் என்றே பலர் நினைக்கிறார்கள். வழக்கறிஞராகத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஒரு நிறுவனத்தை நடத்தப் போனவள் நான். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியான விஷயம் ஒன்று உண்டு. ஒரு தொழில்முனைவோரின் கையில் இருக்கும் படைப்புக் கருவிகளிலேயே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது சட்டம்தான். அவருடைய நோக்கம் அவரைத் தாண்டி வாழுமா என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான்.

கம்பெனி என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சாலமன் என்றொரு காலணி வியாபாரி இருந்தார். தன் கடையை ஒரு கம்பெனியாக மாற்றினார். பங்குகளில் ஏறக்குறைய எல்லாமே அவரிடம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்தது. கம்பெனியும் சாலமனும் ஒன்றுதானே, கடனை அவரே கட்டட்டும் என்று கடன் கொடுத்தவர்கள் தரப்பில் வாதிட்டார்கள். அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது. 1897 என்ற ஆண்டோடு சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வழக்கு இது. கண்ணுக்குத் தெரியாத, உடம்பே இல்லாத ஒருவர் சொத்து வாங்குகிறார், கடன் படுகிறார், வழக்குப் போடுகிறார், தன்னை உண்டாக்கியவர் செத்தபிறகும் உயிரோடு இருக்கிறார். இதைவிடப் பெரிய கற்பனை எந்தக் கதையில் இருக்கிறது? இந்தக் கற்பனையின் மேல்தான் உலக வியாபாரத்தின் பெரும்பகுதி நிற்கிறது. ஆகவே படைப்பாளிகளுக்கும் சட்டத்துக்கும் ஒத்துவராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒத்துவராது என்று ஒதுங்கி நின்றவர்களுக்கு என்ன ஆனது? ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேன் என்ற பாத்திரத்தை உருவாக்கினார்கள். 1938இல் அதன் உரிமை முழுவதையும் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கிடைத்தது 130 டாலர். மற்ற வேலைகளுக்கான கூலியும் சேர்த்து ஒரே காசோலையாக 412 டாலர் வந்தது. பிறகு பல்லாண்டுகள் வழக்கு, வறுமை, மனக்கசப்பு. 1975இல்தான், ஊரறிய அவமானமாகிவிடும் என்ற நிலை வந்தபிறகு, ஆண்டுதோறும் ஓய்வூதியம் போல ஒரு தொகையும், உருவாக்கியவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. அந்தப் பழைய காசோலை இருக்கிறதே, அது 2012இல் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது. உரிமையை விற்று அவர்கள் வாங்கிய பணத்தைவிட, அந்தப் பணத்தைக் கொடுத்த காகிதத்துக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் மதிப்பு. எனக்கு இது இன்றும் தாங்க முடியாத செய்தி.

இந்த மாதிரி ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் ஒரு வாசகத்தை உங்கள் முன் பிரித்து வைக்கிறேன். "இப்போது உள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி, திரும்பப் பெற முடியாதபடி." ஒரே மூச்சில் படித்தால் சம்பிரதாயம் போலத் தெரியும். துண்டு துண்டாகப் படியுங்கள். ஊடகம், இடம், காலம், திரும்பப் பெறும் உரிமை என்று நான்கு தனித்தனிப் பேரங்கள் அதில் இருக்கின்றன. அச்சுக்கு மட்டும் கொடுக்கலாம். ஒரு மொழிக்கு மட்டும் கொடுக்கலாம். ஐந்தாண்டுக்குக் கொடுக்கலாம். இரண்டாண்டு பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால் உரிமை என்னிடமே திரும்பிவிடும் என்று எழுதலாம். நான்கையும் மொத்தமாகக் கொடுப்பவர், தான் கொடுப்பது இன்னதென்று தெரிந்து கொடுத்தால் சரி. தெரியாமல் கொடுப்பதுதான் கொடுமை.

இதுவரை சொன்னது தற்காப்பு. சட்டத்தை வைத்துப் புதிதாக ஒன்றைப் படைத்தவர்களிடம் வருவோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு மென்பொருளாளர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். மென்பொருளின் மூல நிரலை, அதாவது மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவத்தை, பூட்டி வைக்கும் பழக்கம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு அது அநியாயமாகப் பட்டது. தான் எழுதியதைச் சும்மா பொதுவில் விட்டிருக்கலாம். விட்டால், யாராவது எடுத்துச் சிறிது மாற்றி, மறுபடியும் பூட்டிவிடுவார்கள். பதிப்புரிமைச் சட்டத்தை எதிர்த்து முழக்கமிட்டிருக்கலாம். அதனால் ஒரு வரியும் மாறியிருக்காது. அவர் செய்தது வேறு. 1989இல் ஒரு உரிமத்தை எழுதினார். அதன் சாரம் இது: இதன் பதிப்புரிமை எனக்கே. அந்த அதிகாரத்தில் சொல்கிறேன், யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மற்றவருக்குக் கொடுக்கும்போது இதே சுதந்திரத்தோடு கொடுக்க வேண்டும். பூட்டுவதற்கென்று செய்த சட்டத்தையே, பூட்ட முடியாதபடி ஆக்கப் பயன்படுத்திவிட்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம், அடுத்த ஆண்டே இந்த உரிமத்துக்குள் வந்தது. இலவசமாகக் கொடுத்தால் தொழில் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். ரெட் ஹாட் நிறுவனம் நிரலைப் பூட்டாமல், அதைப் பராமரித்துத் தரும் சேவைக்குக் கட்டணம் வாங்கியே வளர்ந்தது. 2019இல் ஐபிஎம் அதை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

அந்த உரிமம், எழுதியவருடைய மனதில் இருந்த நியாயத்தை, அவர் பக்கத்தில் இல்லாதபோதும், அவரை முன்பின் தெரியாதவர்களிடமும் செயல்படுத்துகிறது. தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். மேடையில் நின்று பேசும்போது எல்லோருக்கும் நல்ல நோக்கம் இருக்கிறது. அந்த நோக்கம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? மீறினால் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

ஹென்றி ஃபோர்டு இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் சந்தித்தார். 1916இல் அவருடைய கம்பெனியிடம் பணம் குவிந்து கிடந்தது. லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குச் சிறப்பு ஈவுத்தொகை கொடுப்பதை நிறுத்தினார். கார் விலையை 440 டாலரிலிருந்து 360 டாலராகக் குறைத்தார். இன்னும் பலருக்கு வேலை கொடுக்க வேண்டும், தொழிலின் பயன் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றார். பத்து விழுக்காடு பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். 1919இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வணிகக் கம்பெனி முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காகவே நடத்தப்படுவது. ஆலையை விரிவாக்கும் முடிவில் நீதிமன்றம் தலையிடவில்லை. ஆனால் ஈவுத்தொகையாக 1.9 கோடி டாலருக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. ஃபோர்டின் உள்ளம் உண்மையில் எப்படி என்பதை வரலாற்று ஆசிரியர்கள் வாதிடட்டும். டாட்ஜ் சகோதரர்கள் போட்டியாகக் கார் தயாரித்ததால் அவர்கள் கைக்குப் பணம் போகாமல் தடுத்தார் என்றும் சொல்வதுண்டு. நமக்குப் பாடம் இதுதான். அவர் சொன்ன நோக்கம் கம்பெனியின் சாசனத்தில் இல்லை. பிறருடைய பணத்தை வாங்கியபோது அவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கவும் இல்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று சும்மாவா சொன்னார்கள்?

எழுதி வைத்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எர்ன்ஸ்ட் ஆபே. ஜெர்மனிக்காரர், இயற்பியலாளர். நுண்ணோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்பதற்கு 1873இல் கணித வரம்பு கண்டவர். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. நாளைக்குப் பதினான்கு மணி நேரம், சில நாள் பதினாறு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. மகன் மதியச் சாப்பாடு கொண்டுபோவான். அப்பா இயந்திரத்தில் சாய்ந்தபடி அள்ளிப் போட்டுக்கொண்டு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் ஜெனா நகரில் கார்ல் சைஸின் கண்ணாடி வில்லைத் தொழிலில் பங்காளியாகி, அறிவியலால் அதை உலகப் புகழுக்குக் கொண்டுபோனார். பெரும் பணக்காரர் ஆனார்.

சைஸ் 1888இல் இறந்தார். அடுத்த ஆண்டே ஆபே ஒரு அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை, பங்காளியின் பெயரை வைத்தார். 1891இல் தன் பங்கை அதற்கே கொடுத்துவிட்டு, தான் வளர்த்த நிறுவனத்தில் ஒரு நிர்வாகியாக வேலையைத் தொடர்ந்தார். 1896இல் அறக்கட்டளைக்கு விரிவான சாசனம் வந்தது. சம்பளத்தோடு விடுமுறை. ஓய்வூதியம். வேலையிலிருந்து நிறுத்தினால் இழப்பீடு. பிறப்பு, மதம், கட்சி பார்த்து யாரையும் நடத்தக் கூடாது. நிர்வாகிகள் உட்பட யாருடைய சம்பளமும் தொழிலாளரின் சராசரி ஆண்டு வருமானத்தைப்போலப் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. 1900இல் எட்டு மணி நேர வேலைநாளும் அங்கே வந்தது. இவற்றை முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகைகளாக அவர் வைக்கவில்லை, தொழிலாளியின் உரிமைகளாக எழுதினார். நல்ல முதலாளிக்குப் பின் எப்படிப்பட்டவர் வருவார் என்று யாருக்குத் தெரியும்? அதை யோசித்துத்தான் ஒவ்வொரு பிரிவும்.

ஆபே 1905இல் காலமானார். பிறகு இரண்டு உலகப் போர்கள். நாடே இரண்டாகி, நிறுவனமும் கிழக்கு மேற்கு என்று பிரிந்து, பெயருக்காகத் தங்களுக்குள் வழக்காடியது. மறுபடி ஒன்று சேர்ந்தது. இன்றும் சைஸ், கண்ணாடி தயாரிக்கும் ஷாட் ஆகிய இரண்டு தாய் நிறுவனங்களின் முழு உரிமையாளர் அந்த அறக்கட்டளைதான். நுண்ணோக்கிக்கு ஆபே கண்ட சூத்திரத்தைப் போற்றுவார்கள். அந்தச் சாசனமும் அதே தரத்து மூளை செய்த வேலை என்பேன்.

இதே வழியில் அண்மையில் நடந்தவர், படகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்தின் நிறுவனர் இவோன் ஷுனார். நோக்கத்தையும் கம்பெனியின் கடமையாகச் சேர்த்துக்கொள்ளும் புதுவகைப் பதிவுக்கு அமெரிக்க மாநிலங்களில் முதலில் சட்டம் செய்தது மேரிலாண்ட், 2010இல். கலிஃபோர்னியாவில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 2012 ஜனவரியிலேயே படகோனியா பதிந்துகொண்டது. 2022இல் ஷுனார் குடும்பம் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்தது. வாக்குரிமை உள்ள 2 விழுக்காடு ஒரு அறக்கட்டளைக்கு. வாக்குரிமை இல்லாத 98 விழுக்காடு சுற்றுச்சூழலுக்காக இயங்கும் அமைப்புக்கு. நோக்கத்தைக் காப்பவர் ஒருவர், லாபத்தை வாங்குபவர் வேறொருவர். வாங்குபவர் காப்பவரை மிரட்ட முடியாது. வரி மிச்சமானதே என்று விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தையும் படியுங்கள். ஆனால் அந்த 2, 98 என்ற பிரிப்பைப் பாருங்கள், ஒரு நல்ல வடிவமைப்பாளரின் கை தெரியும்.

எழுதிவிட்டால் போதுமா என்றால், போதாது. பென் அண்ட் ஜெர்ரிஸ் என்ற ஐஸ்கிரீம் நிறுவனம் 2000இல் யூனிலீவருக்கு விற்கப்பட்டபோது, சமூக நோக்கத்தைக் காக்கத் தனி இயக்குநர் குழு இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 2022இல் அந்தக் குழு தாய் நிறுவனத்தின் மேலேயே வழக்குத் தொடுக்க வேண்டி வந்தது. சிலர் இதைப் பார்த்து, காகிதத்தால் பயனில்லை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காகிதம் இருந்ததால்தான் வழக்குப் போட ஒரு கால் ஊன்ற இடம் இருந்தது. ஊன்றி நிற்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளை வளர்ப்பது தலைவரின் வேலை. அதைச் சட்டம் செய்து தராது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நண்பர்கள் சேர்ந்து தொடங்கும்போது, ஆளுக்குப் பாதி என்று கை குலுக்கிவிட்டு வேலையில் இறங்கிவிடுகிறீர்கள். ஆறு மாதத்தில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், பாதிக் கம்பெனி அவரோடு போகும். பங்கு நான்காண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாக வேண்டும், முதல் ஆண்டு முடியும் முன் போனால் ஒன்றும் இல்லை என்று எழுதுவது ஸ்டார்ட்அப் உலகில் பரவலான வழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், நட்பு கெடாது. லோகோ வரைந்து தந்தவர், இணையதளம் செய்து தந்தவர் உங்கள் ஊழியராக இல்லாவிட்டால், பணம் கொடுத்ததாலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. பல நாடுகளில் நிலைமை இதுதான். எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். முதலீட்டாளர் கண்டுபிடித்துக் கேட்கும்போது, வரைந்து தந்தவரைத் தேடி ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலீட்டாளரிடம் நோக்கத்தைப் பற்றிப் பேசுவது பணம் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டும். பணம் வந்தபிறகு பேசினால் அதற்குப் பெயர் கோரிக்கை. எதை விற்க மாட்டீர்கள், யாருக்கு விற்க மாட்டீர்கள், நீங்கள் விலகினால் அந்த முடிவை மாற்ற எத்தனை பேர் ஒப்ப வேண்டும் என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். அந்த மூன்று வரிக்கு ஒப்பாத பணம் வேறு இடம் தேடிப் போகட்டும்.

சட்ட மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்குப் பயிற்சி முழுவதும் எங்கே தவறு நடக்கும் என்று தேடுவதில்தான். அது தேவை. ஆனால் உங்கள் முன் வந்து உட்காரும் தொழில்முனைவோரிடம் முதல் கேள்வியாக, இந்த நிறுவனம் முப்பது ஆண்டு கழித்து எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சிறிது நேரம் பேசாமல் இருப்பார். பிறகு பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போகும் ஷரத்துகள் அந்தக் குறிப்பிலிருந்துதான் வர வேண்டும். பழைய கோப்பில் இருக்கும் மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற வேலையை இப்போது இயந்திரமே செய்துவிடுகிறது.

உங்கள் கேள்விகளைக் கேட்க ஆவலாக இருக்கிறேன். ஒப்பந்தம் எதையாவது கையோடு கொண்டுவந்திருந்தால் இன்னும் நல்லது, சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.