பெட்டியில் கிடக்கும் பழங்காசு என்ன விலை போகும்?

நேயர்களுக்கு வணக்கம். "வீட்டில் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் கிடக்கிறது, லட்சக்கணக்கில் போகுமாமே?" கும்பகோணம் பக்கத்தில் ஒருவன் பழங்காசு சேர்க்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூட அவனிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் விளையாட்டாகக் கேட்பதில்லை. பிள்ளையின் காலேஜ் பீஸ், நடவுச் செலவு என்று ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாணயத்தில் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மிகச் சிலர்தான். அவர்களும் காசு வாங்கிய நேரத்தைவிடக் காசைப் பற்றிப் படித்த நேரம் அதிகம். மற்ற எல்லோருக்கும் இது கையைக் கடிக்கிற பொழுதுபோக்குதான்.

நம் மண்ணின் காசையே எடுத்துக்கொள்வோம். 985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜ சோழனின் செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்று இருக்கும். பெரிய கோயிலைக் கட்டியவனின் பெயர் பொறித்த, ஆயிரம் ஆண்டு கடந்த காசு. என்ன விலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாதாரண நிலையில் சில நூறு ரூபாய். தேய்ந்து போயிருந்தால் அதுவும் இல்லை. காரணம், அதை அவ்வளவு அடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கிடைக்கிறது, இலங்கையிலும் கிடைக்கிறது. பழசு என்பதற்காக மட்டும் யாரும் விலை கொடுப்பதில்லை. இன்றைக்கு எத்தனை மிஞ்சியிருக்கிறது, அதைத் தேடி எத்தனை பேர் அலைகிறார்கள், எழுத்தும் உருவமும் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன, இதைத்தான் பார்க்கிறார்கள். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. அது இல்லாத பழைய வீடே நம் பக்கம் கிடையாது. அதனால்தான் அதற்கு விலையும் இல்லை.

சரி, வெள்ளி ரூபாய்க்கு வருவோம். பாட்டி பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நாட்டு மருந்துக் கடையில் முன்பு ஒரு ரூபாய் எடை என்று நிறுத்துக் கொடுத்தது இதை வைத்துத்தான். விக்டோரியா ராணி காலத்திலிருந்து 1939 வரை அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். ஆகவே தலை எந்த ராஜாவுடையது என்று பார்ப்பதற்கு முன்னால் வருடத்தைப் பாருங்கள். பெரும்பாலான ரூபாய்களுக்கு அன்றைய வெள்ளி விலையும் அதற்கு மேல் கொஞ்சமும் கிடைக்கும். அவ்வளவுதான்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. துதிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி மாதிரி தெரிகிறது என்று பேச்சு கிளம்பி, அந்த நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இந்த 1911 ரூபாயைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அதைவிட அரிது 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அசலாக இருந்தால் லட்சத்தில் பேசுவார்கள். அதனாலேயே கடைசி எண்ணைத் திருத்திய போலிகளும் சுற்றுகின்றன. உங்கள் கையில் 1939 இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்து அந்த 9ஐப் பாருங்கள். மற்ற மூன்று எண்களோடு அது ஒட்டி வருகிறதா, அதைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று. தயவுசெய்து காசைத் தேய்த்து விளக்காதீர்கள். நம் ஊரில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கைகள், பழங்காசு கண்ணில் பட்டாலும் அதையேதான் செய்கின்றன. புளி, எலுமிச்சம்பழம், விபூதி, எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த கரும்பழுப்புப் படலம் காசுக்குக் கவசம். வாங்குகிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான். பளபளவென்று மின்னும் செப்புக்காசை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். நல்ல காசு பாதி விலைக்குப் போவதை இப்படிப் பலமுறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அப்புறம், ஏமாற்று. வைஷ்ணவி தேவி படம் போட்ட காசு இருந்தால் பத்து லட்சம் என்று போனில் வீடியோ வரும். அது 2012இல் வந்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயம், கடைச் சில்லறையில் புழங்கியது. அதை நம்பிப் பேசினால், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும்கூடக் காட்டுவார்கள். இந்த மாதிரி வியாபாரத்துக்கு நாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. விற்கிறவர் பணம் கட்ட வேண்டும் என்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற வருடமும் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணாவும் போலிதான். கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே சீரான நாணயம் கொண்டுவந்ததே 1835இல். அரிசியைக் காந்தம் மாதிரி இழுக்கும் அபூர்வக் காசு என்று சொல்லி இதே போலிகளை வைத்து எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறார்கள்! எந்தக் காசும் அரிசியை இழுக்காது.

அப்படியானால் எதில்தான் லாபம் இருக்கிறது? என் அனுபவத்தில், நம் டெல்டாவின் கடலோரக் காசுகளில். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் அடித்த சிறு காசில் அரசரின் பெயர் எழுத்துகள் கிரீடத்தோடு பின்னிக்கிடக்கும். நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். தஞ்சை நாயக்கர், மராட்டியர் காசுகள் வேறு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். படிக்கத் தெரியாததால் எடைக்குப் போடுகிற குவியலில் இவை கலந்துவிடுகின்றன. எழுத்தை அடையாளம் கண்டுகொள்ளும் கண் இருந்தால், பத்துக்கும் இருபதுக்கும் வாங்கியது பின்னால் பல மடங்கு போகலாம். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் அங்குள்ள பொருள்களை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால், குவியலைத் துழாவும்போது கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

இங்கே சட்டம் குறுக்கே வருகிறது, வரவும் வேண்டும். மண்ணுக்கு அடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். வாய்க்கால் தூர் வாரும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் இதை நினைவில் வையுங்கள். எந்த ஆழத்தில், எந்தப் பானையில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் நம் ஊரின் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துபோகிறது. நூறு ஆண்டு தாண்டிய காசை நாமே வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. ஆகவே டென்மார்க்கில் நல்ல விலை என்று யாராவது ஆசை காட்டினாலும் அந்த விலை நமக்கு இல்லை.

விற்கும்போது வரும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாணய விலைப் பட்டியலில் ஆயிரம் ரூபாய் என்று போட்டிருக்கும் காசுக்கு வியாபாரி உங்களிடம் ஐந்நூறு, அறுநூறுதான் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது விற்க வருடக்கணக்கில் ஆகலாம். ஏலத்துக்கு அனுப்பினால் அங்கே கமிஷன் உண்டு. வாங்கிய விலை இரட்டிப்பானால்தான் முதலே கைக்கு வரும். அவசரத்துக்கு விற்றால் அதுவும் வராது. நடவுச் செலவுக்கு நம்பி வைக்கிற பொருள் இது இல்லை. அதற்கு ஒரு பவுன் நகை எவ்வளவோ மேல்.

பெட்டியில் காசு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு அது ஒட்டிக்கொண்டு பச்சை பிடிக்கும். உறையின் மேல் வருடம், எடை, யாரிடமிருந்து எப்போது வந்தது, என்ன விலை கொடுத்தீர்கள் என்று பேனாவால் எழுதுங்கள். எழுதிய விவரத்தை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவையுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டியைத் திறப்பவர் அதை அப்படியே எடைக்குப் போட்டுவிடாமல் இருக்க வேண்டும். வணக்கம்.