சாகக் கிடந்த மனிதர்... "வரையுங்கள்" என்றார் பாதுஷா! முகலாய ஓவியம் மாறிய கதை

[திரையில்: மெலிந்த மனிதர் ஒருவரின் ஓவியம். முதலில் கை மட்டும், அப்புறம் மார்பு, கடைசியில் முகம்.]

இந்தக் கையைப் பாருங்கள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சுற்றிலும் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். இவர் பெயர் இனாயத் கான். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் நெருங்கிய பணியாளர்களில் ஒருவர். அபினும் மதுவும் சேர்ந்து இவர் உடம்பைத் தின்று தீர்த்துவிட்டன. 1618-ஆம் ஆண்டு, ஆக்ராவுக்குப் போக அனுமதி கேட்கிறார். பல்லக்கில் வைத்து அரசர் முன் கொண்டுவருகிறார்கள்.

அரசர் என்ன செய்தார் தெரியுமா? வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தார். கூடவே ஓவியர்களைக் கூப்பிட்டு, இவரை வரையுங்கள் என்றார். மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார்.

இதை ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எலும்பின் மேல் தோலை இழுத்துப் போர்த்தியது போல் இருந்தாராம். மெலிந்த முகத்தை வரைய ஓவியர்கள் எவ்வளவோ முயன்றிருக்கிறார்கள், ஆனால் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்கிறார். அன்று பிறந்த கோட்டுச் சித்திரம் இன்று பாஸ்டனில் இருக்கிறது, வண்ண ஓவியம் ஆக்ஸ்போர்டில்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால், இதே வம்சத்தில், இப்படி ஒரு படம் பிறந்திருக்காது. அன்றும் மகா திறமைசாலிகள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த அரசருக்கு வேறு ஆசை இருந்தது. இந்த வீடியோ அந்த ஆசைகளைப் பற்றியதுதான்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1540-இல் ஷேர் ஷாவிடம் தோற்ற ஹுமாயூன், கடைசியில் ஈரானில் ஷா தஹ்மாஸ்பிடம் அடைக்கலம் தேடிப் போனார். ஒரு காலத்தில் ஓவியப் பித்தராக இருந்த தஹ்மாஸ்புக்கு அப்போது அந்த ஆர்வம் வற்றிக்கொண்டிருந்தது. அவருடைய நஷ்டம் ஹுமாயூனுக்கு லாபம்: மீர் சையது அலி, அப்துஸ் ஸமத் என்ற இரண்டு பெரிய ஓவியர்கள் 1549-இல் காபூலில் ஹுமாயூனிடம் வந்து சேர்ந்தார்கள். 1555-இல் டெல்லி திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் நூலகப் படியில் தவறி விழுந்து ஹுமாயூன் இறந்தார். மகன் அக்பருக்கு வயது 13.

அக்பருக்குக் கதை என்றால் உயிர். தானாகப் படிக்க மாட்டார், மற்றவர்கள் வாசிக்க வேண்டும், அவர் கேட்பார். இருபது வயதை ஒட்டி அவர் தொடங்கிய வேலைதான் ஹம்சா நாமா. அமீர் ஹம்சாவின் சாகசக் கதை. பூதம், கோட்டை, ஒற்றன், கடத்தல் எல்லாம் உண்டு. இதற்கு மட்டும் சுமார் 1,400 ஓவியங்கள்! ஏறக்குறைய 15 ஆண்டு உழைப்பு. காகிதத்தில் வரைந்த சின்னப் படங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். துணியில் தீட்டிய, இரண்டடிக்கும் மேல் உயரமான படங்கள். பின்பக்கத்தில் கதை எழுதியிருக்கும். ஒருவர் படத்தைத் தூக்கிக் காட்ட, இன்னொருவர் கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இன்று 200-க்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. 1881-இல் ஸ்ரீநகரில் சில படங்கள் கிடைத்தபோது, அவை ஜன்னலை மறைக்கும் தட்டியாக இருந்தனவாம். இதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது.

சரி, 1,400 படங்களை இரண்டு ஈரானியர்கள் வரைந்து முடிக்க முடியுமா? முடியாது. அக்பர் பல ஊர்களிலிருந்து ஓவியர்களைச் சேர்த்தார். அரண்மனை ஓவியக்கூடம் ஒரு பெரிய பட்டறையாகவே மாறியது. ஈரானிய பாணி மென்மையானது. பூ வேலைப்பாடு, அசையாத உடல்கள், நூல் போன்ற கோடு. உள்ளூர்க்காரர்களின் கை வேறு. அடர்ந்த சிவப்பு, திமிறும் உடல்கள், வேகம். இரண்டையும் ஒரே பட்டறையில், ஒரே அவசரத்தில் போட்டுக் கலக்கியபோது பிறந்ததைத்தான் நாம் முகலாய ஓவியம் என்கிறோம்.

வாராவாரம் படங்கள் அக்பர் முன் வரும். பார்ப்பார், நன்றாக இருந்தால் பரிசு கொடுப்பார், அல்லது சம்பளத்தை உயர்த்துவார். இதை அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார். தஸ்வந்த் கதையும் அவர் சொன்னதுதான். பல்லக்குத் தூக்கியின் மகன். கண்ட சுவரில் எல்லாம் படம் கிறுக்கிக்கொண்டிருந்த பையன். ஒருநாள் அக்பர் கண்ணில் பட்டான். அப்துஸ் ஸமதிடம் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். கொஞ்ச காலத்தில் எல்லோரையும் மிஞ்சினான். மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்பான ரஸ்ம் நாமாவுக்கு அவன் போட்ட வரைவுகளைப் பாருங்கள், நடுக்கமே வரும். ஆனால் மனநோய் அவனை விடவில்லை. 1584-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ஓர் அரசரின் பார்வை சுவரில் விழுந்திராவிட்டால் இந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. அப்படித் தெரியாமல் போன தஸ்வந்துகள் எத்தனை பேரோ என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

[திரையில்: அக்பர் ஆட்சியின் வரலாற்று நூலான அக்பர் நாமா. படகுப் பாலத்தில் யானைகள்.]

அக்பர் காலத்துப் படங்களில் எனக்குச் சத்தம் கேட்கும். இதில் அக்பர் ஹவாய் என்ற மதம் பிடித்த யானை மேல் இருக்கிறார். இன்னொரு யானையைத் துரத்திக்கொண்டு படகுப் பாலத்தில் ஓடுகிறார், படகுகள் அமிழ்கின்றன, ஆட்கள் தண்ணீரில் குதிக்கிறார்கள். இப்போது ஓரத்தைக் கவனியுங்கள். சிவப்பு மையில் ஒரு கணக்குப்பிள்ளையின் குறிப்பு: வரைவு பஸாவன், வண்ணம் சேதர். சில படங்களில் முகத்துக்கு மட்டும் மூன்றாவது ஓர் ஆள்! உங்களுக்கு வேகம் வேண்டும், நூற்றுக்கணக்கில் படம் வேண்டும் என்றால் வேலையைப் பங்குபோடத்தான் வேண்டும்.

இந்தச் சிவப்பு மைக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருகிற மனிதருக்குப் பிடிக்காதது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜஹாங்கீர். 1605-இல் அரியணை ஏறினார். இளவரசராக அலகாபாத்தில் இருந்தபோதே தனக்கென்று ஓவியக்கூடம் வைத்திருந்தார். அவர் எழுதிய ஒரு வரியின் சாரத்தைச் சொல்கிறேன்: ஒரு படத்தைப் பார்த்தவுடனே யார் வரைந்தது என்று சொல்லிவிடுவேன், ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறொருவர் வரைந்திருந்தால் அதையும் கண்டுபிடித்துவிடுவேன். பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இப்படி ஒரு கண் மேலே உட்கார்ந்திருக்கும்போது பட்டறை என்ன ஆகும்? சுருங்கும். கூட்டு வேலை குறையும். ஒரு படம், ஓர் ஓவியர். தடித்த கதைப் புத்தகங்களுக்குப் பதிலாக, கையில் எடுத்து உற்றுப் பார்க்கும் தனித்தனி ஏடுகள், அவற்றைச் சேர்த்துக் கட்டிய முரக்கா தொகுப்புகள்.

நேரம் வந்துவிட்டது. வான்கோழியைப் பற்றிப் பேசலாம்!

[திரையில்: உஸ்தாத் மன்சூரின் வான்கோழி.]

1612-இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவிலிருந்து, போர்ச்சுகீசியர் வழியாக வந்த அபூர்வங்களை வாங்கி வந்தார். அதில் ஒன்று வான்கோழி. அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஜஹாங்கீர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். இதன் தலை பச்சோந்தி போல நிறம் மாறுகிறது, சிவக்கிறது, வெளுக்கிறது, நீலமாகிறது என்று எழுதிக்கொண்டே போகிறார். அப்புறம் ஒரு விஷயம் சொல்கிறார், என் கணக்கில் முகலாய ஓவிய வரலாற்றிலேயே முக்கியமான வாக்கியம் அது. கொள்ளுத்தாத்தா பாபர் விலங்குகளை எழுத்தில் வர்ணித்தார், ஆனால் ஓவியர்களை வரையச் சொல்லவில்லை. நான் எழுதவும் செய்தேன், வரையவும் சொன்னேன், கேட்டு வரும் வியப்பு பார்த்தால் இன்னும் கூடட்டும் என்று.

மன்சூர் அதை வரைந்த விதம் இருக்கிறதே! தொங்கும் தாடியின் சுருக்கம், இறகின் விளிம்பு, எல்லாம். பின்புலம் கிட்டத்தட்ட வெறுமை. கதை இல்லை, பூதம் இல்லை. ஒரு பறவை, அவ்வளவுதான். 1621-இல் வரிக்குதிரை வந்தது. யாரோ கோடு போட்டு வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்றே பலர் சந்தேகப்பட்டு ஆராய்ந்தார்களாம். அதையும் மன்சூர் வரைந்தார். அவருக்கு ஜஹாங்கீர் கொடுத்த பட்டம் நாதிர் உல் அஸ்ர், யுகத்தின் அபூர்வம். அபுல் ஹசனுக்கு நாதிர் உஸ் ஸமான், காலத்தின் அபூர்வம். பிஷன்தாஸை ஈரானுக்குப் போன தூதுக்குழுவோடு அனுப்பி, ஷா அப்பாஸை நேரில் பார்த்து வரைந்துவரச் சொன்னார். வேலையை முடித்துத் திரும்பியவருக்குப் பரிசு ஒரு யானை!

இன்னொரு கதை. ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ 1616-இல் தன்னிடமிருந்த ஒரு சிற்றோவியத்தைக் காட்டினார். இதைப் போல இங்கே யாராலும் வரைய முடியாது என்பது அவர் நினைப்பு. ஒரு நாள் இரவு ஜஹாங்கீர் கூப்பிட்டனுப்பினார். ஒரே பலகையில் ஆறு படங்கள். ஐந்து நகல், ஒன்று ரோ கொண்டுவந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எது எது என்று பிரித்தறியத் திணறிப்போனேன் என்று ரோவே எழுதியிருக்கிறார். உற்றுப் பார்த்துத்தான் தன் படத்தைக் கண்டுபிடித்தார். பாதுஷாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்போது இனாயத் கானிடம் திரும்ப வாருங்கள். வான்கோழியைப் பார்த்த அதே கண்தான் அந்தப் படுக்கையையும் பார்த்தது. வியப்பு தந்தது எதுவானாலும் வரையச் சொல்லும் கண். அது கொடூரமா, இல்லை, மறைந்துபோகப் போகிற ஒருவரைப் பிடித்து வைக்கும் ஆசையா? படம் எனக்குப் பிடிக்கும், அந்தக் கட்டளை பிடிக்கவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

ஷாஜகானுக்கு நகைகளும் கட்டடங்களும் பிடிக்கும். அவர் ஆட்சியின் வரலாற்று நூலான பாதுஷா நாமா இன்று வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது, 44 ஓவியங்களோடு. முத்தின் பளபளப்பு, பட்டின் மடிப்பு எல்லாம் அபாரம். ஆனால் தர்பாரில் நிற்கும் அத்தனை பேரும் பக்கவாட்டு முகத்தோடு சிலை மாதிரி நிற்கிறார்கள். நடுவில் ஒளிவட்டத்தோடு அரசர். எனக்கு மூச்சு முட்டுகிறது. ஔரங்கசீப் முதலில் சில காலம் ஆதரித்து, பிறகு கைவிட்டார். ஓவியர்கள் ராஜபுத்திர அரசவைகளுக்கும் பிற ஊர்களுக்கும் வேலை தேடிப் போனார்கள். இமயமலை அடிவாரத்துக் குலேர், காங்ரா ஓவியங்கள் தனியாக ஒரு வீடியோ கேட்கும் விஷயம், செய்கிறேன்.

முடிக்கும் முன் ஒரே ஒரு படம். ஃபோனில் பார்ப்பவர்கள் திரையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

[திரையில்: பிசித்ர் வரைந்த ஜஹாங்கீர் ஓவியம், வாஷிங்டனில் இருப்பது.]

ஜஹாங்கீர் ஒரு மணல் கடிகாரத்தின் மேல் அமர்ந்து, ஒரு சூஃபிப் பெரியவருக்குப் புத்தகம் கொடுக்கிறார். பெரியவருக்குக் கீழே துருக்கி சுல்தான். அவருக்கும் கீழே இங்கிலாந்து அரசர் ஜேம்ஸ். அதற்கும் கீழே, இடது மூலையில், மஞ்சள் அங்கியில் ஒருவர். அவர்தான் ஓவியர் பிசித்ர். அவர் கையில் ஒரு குட்டிப் படம்: இரண்டு குதிரைகள், ஒரு யானை, குனிந்து வணங்கும் ஓர் ஆள். பாதுஷாவிடம் வாங்கிய பரிசுகளாக இருக்கலாம் என்கிறார்கள். பிஷன்தாஸின் யானை நினைவிருக்கிறதா?

பிசித்ர் தன் பெயரையும் எழுதியிருக்கிறார். எங்கே தெரியுமா? அரசர் அரியணையில் ஏறக் கால் வைக்கும் முக்காலியில்.

[திரையில்: முக்காலி மட்டும்.]