எந்த ஷரத்து?

(குன்னூரில், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் புதிய கிளை நிர்வாகிகளுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்குமா தெரியவில்லை. கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள். முப்பத்தோரு வருஷம் ‘டிக்கெட், டிக்கெட்’ என்று கத்திய தொண்டை, இன்னும் கொஞ்சம் ஏறும்.

வரவேற்புரையில் என்னைப் ‘போராளி’ என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சங்கத்தில் நான் கோஷம் போட்ட நேரத்தைவிட, கார்பன் தாள் வைத்து மனு எழுதிய நேரம்தான் அதிகம். இன்றைக்கு அந்தக் கார்பன் தாள் வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தூக்கம் வந்தால் வெளியே டீ இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். கடைசி வண்டி ராத்திரி ஒன்பதேகாலுக்குப் போய் நிற்கும். காலை ஐந்து நாற்பதுக்கு முதல் சிங்கிள். நடுவில் டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுக்க வேண்டும். மூன்று பேர் சீட்டில் காலை மடக்கிப் படுத்தால் முழங்கால் கம்பியில் இடிக்கும். இரண்டு ஜன்னல் ஷட்டர் இறங்காது; அந்த ஓட்டையில் எங்கள் டிரைவர் கோணிப்பையைச் செருகுவார். நான் கலெக்‌ஷன் பையைத் தலைக்கு வைத்து, வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுப்பேன். உறைபனி விழும் ஜனவரியில் பைக்குள் இருக்கும் சில்லறை காதில் ஐஸ் மாதிரி ஒட்டும். விடியற்காலையில் ஒதுங்கத் தேயிலைச் செடிதான் மறைவு. சில நாள் அந்த மறைவில் நமக்கு முன்பே காட்டெருமை நின்றுகொண்டிருக்கும்.

இதை எடுத்துக்கொண்டு பத்துப் பேர் கிளை மேலாளர் அறைக்குள் போனோம். கொந்தளித்துப் பேசினோம். அவர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “எல்லாம் சரிப்பா, எந்த ஷரத்து?” என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். இரவுத் தங்கலுக்குப் படி உண்டு. படுக்க இடம் தர வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி கிடையாது. அன்று வாயடைத்துத் திரும்பினோம். சங்க வேலை எனக்கு அந்த அறையில்தான் ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

உங்களிடம் ஒரு தோழர் வந்து புலம்பும்போது முதலில் இதைப் பாருங்கள். அவர் கேட்பது ஏற்கெனவே எழுதப்பட்டு, கொடுக்கப்படாமல் இருக்கிறதா? அப்படியானால் அது குறை. வார விடுப்பைப் பிடித்துக்கொண்டு டியூட்டி போட்டு, மாற்று விடுப்பும் தரவில்லை என்றால் அது குறை. தேதி, டியூட்டி எண், யார் உத்தரவு என்று எழுதி நாளைக்கே மனு கொடுக்கலாம். எங்குமே எழுதப்படாத ஒன்றைக் கேட்கிறார் என்றால் அது கோரிக்கை. அதற்கு இடம் அடுத்த ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியல். இரண்டையும் ஒரே மனுவில் பிசைந்து கொடுத்தால், கோரிக்கையைக் காட்டிக் குறையையும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். நாங்கள் கொடுத்த மனுக்கள் அப்படிப் போயிருக்கின்றன.

இரவுத் தங்கலுக்கு வருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அந்த வண்டியின் டூல்ஸ் பெட்டியில் போட்டோம். அந்த லைனுக்குப் போகிற ஒவ்வொரு ஜோடியும் எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு நிறுத்தினோம், எந்த ஷட்டர் இறங்கவில்லை, எங்கே படுத்தோம், காலையில் எடுக்கும்போது உடம்பு எப்படி இருந்தது. முதல் வாரம் சிரித்தார்கள். ஒரு டிரைவர், “காட்டெருமை குட் மார்னிங் சொன்னது” என்று எழுதி வைத்தார். மூன்று மாதத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. நாங்கள் பத்துப் பேர் கத்தியபோது அசையாத மேலாளர், அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே டீயை ஆறவிட்டார். ஹட்டிக்காரர்கள் சமுதாயக்கூடத்தை ஒட்டி ஒரு அறை கொடுத்தார்கள். நிர்வாகம் கம்பளி கொடுத்தது. பேச்சுவார்த்தைக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம்.

ஒன்றரை வருஷத்தில் மேலாளர் மாறினார். புதியவருக்கு அந்தக் குறிப்பு ஒரு தாள், அவ்வளவுதான். அறை பூட்டப்பட்டது. கம்பளி ஸ்டோருக்குப் போனது.

குறிப்பு வேறு, ஒப்பந்தம் வேறு என்று அப்போதுதான் சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டினோம். அப்போது நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தில் 18(1) என்று ஒன்று: தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் இல்லாமல் இரு தரப்பும் தாங்களே போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். 12(3) என்பது சமரச அலுவலர் முன்னால் போடுவது. அது 18(3)-ன்படி அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். வேறு சங்கத்துக்காரர், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிற பையன் வரைக்கும். காலம் முடிந்தாலும் தானாகச் செத்துப்போகாது. முறையாக நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகும்வரை உயிரோடு இருக்கும். நாங்கள் கையெழுத்துப் போட்ட குறிப்போ இந்த இரண்டு சாதியிலும் சேரவில்லை. மறுபடி தொழிலாளர் துறைக்கு நடந்து, சமரச அலுவலர் முன்னால் 12(3) போட்டு, அதில் ‘படுக்கும் இடம், கழிப்பறை, கதவுக்குத் தாழ்ப்பாள்’ என்று மூன்றையும் எழுத வைத்தோம். தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டார்கள். கலெக்‌ஷன் பை இருக்கிறதே!

சரி, இனி சார்ஜ் மெமோ, அதாவது நிர்வாகம் கொடுக்கும் குற்றச்சாட்டுக் கடிதம். இதில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

குன்னூர் ஸ்டாண்டில் காலை எட்டு மணி வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கேரட் மூட்டை, ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். வெலிங்டன் வருவதற்குள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு கையால் டிக்கெட் கிழித்து எல்லோருக்கும் போட்டு முடிக்க முடியுமா? வளைவில் வண்டி சாயும்போது கூட்டம் முழுக்க உங்கள் மேல் சாயும். அருவங்காட்டில் செக்கிங் ஏறினார்கள். ஒரு பெரியவர் கையில் டிக்கெட் இல்லை. காசு கண்டக்டர் கையில் இருந்தது. ‘காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை’ என்று மெமோ. கண்டக்டர் சின்னப் பையன், சேர்ந்து இரண்டு வருஷம். பதில் எழுத ஏழு நாள். சீசன் நேரம், எனக்கு டபுள் டியூட்டி. ஏழாம் நாள் ராத்திரி டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து அவசரமாக நான்தான் எழுதிக் கொடுத்தேன்: “குற்றச்சாட்டை மறுக்கிறேன். இம்முறை மன்னித்துவிட வேண்டுகிறேன்.”

சிரிக்கிறீர்கள். விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. ‘மன்னிப்புக் கேட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுகிறது’ என்று எழுதினார். பையனுக்கு ஒரு இன்க்ரிமென்ட் கட், தொடர் விளைவுடன். இந்த இரண்டு சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் 600 ரூபாய் இன்க்ரிமென்ட் என்று வையுங்கள். ஒரு வருஷம் தள்ளிப்போவது இல்லை இது. அந்த இன்க்ரிமென்ட் சம்பளத்தில் திரும்ப ஏறவே ஏறாது. இன்னும் 25 வருஷம் சர்வீஸ் இருந்தால் 1,80,000 ரூபாய், அகவிலைப்படி சேர்க்காமல். நான் எழுதிய ஒரு வாக்கியத்தின் விலை அது. அவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் “அண்ணே, மன்னிச்சுடுங்க” என்றுதான் வணக்கம் வைப்பார். எனக்கு வேண்டியதுதான்.

எழுத வேண்டியது என்ன? எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை பேர் இருந்தார்கள், அதுவரை எத்தனை டிக்கெட் போட்டாயிற்று, அந்தப் பெரியவர் எந்த வரிசையில் நின்றார், பையில் கணக்குக்கு மேல் காசு இருந்ததா. வே பில்லும் (டிக்கெட் கணக்கு எழுதும் தாள்) எண்ணிய காசும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் முதல் சாட்சி. ‘அந்தப் பயணியை விசாரணைக்குக் கூப்பிடவில்லையே’ என்று மட்டும் நம்பி உட்காராதீர்கள். 1977-லேயே ரத்தன் சிங் என்ற ஹரியானா கண்டக்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் பொருந்தாது, பயணியை விசாரிக்கவில்லை என்பதாலேயே தண்டனை செல்லாமல் போகாது. நமக்கு எதிரான தீர்ப்புதான். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது மேல். கட்டணமில்லாப் பெண்கள் பயணம் நம் மலைக்கு 2024-ல்தான் வந்தது. அதற்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாக வேண்டும், மறந்தால் அதற்கும் மெமோ.

சஸ்பென்ஷனில் இருப்பவரைத் தனியாக விடாதீர்கள். 1981-ன் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்குமேல் முழுச் சம்பளம் பிழைப்பூதியமாக வர வேண்டும். பாதியிலேயே நிறுத்தி வைத்திருந்த கேஸை நான் பார்த்திருக்கிறேன். யாரும் நாளை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

கே.எம்.பி.எல். மெமோ, அதாவது ஒரு லிட்டர் டீசலுக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட்டவில்லை என்று வரும் மெமோ பற்றிக் கேட்டுச் சீட்டு வந்திருக்கிறது. டீசல் சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேட்டுப்பாளையம் 326 மீட்டர், குன்னூர் ரயில் நிலையம் 1,712 மீட்டர். இந்த ஏற்றத்தை இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிற வண்டிக்கும் சமவெளி வண்டிக்கும் ஒரே அளவுகோல் பிடித்தால் எப்படி? இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கைச் சூடாக்கினால் முடிவு என்ன என்று பர்லியாறு மலைப்பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதையும் கத்திச் சொல்லாதீர்கள். ஒரே டிரைவர், ஒரே வண்டி, ஏறும்போது எவ்வளவு, இறங்கும்போது எவ்வளவு, என்ஜின் கடைசியாக எப்போது திறந்தார்கள், இதையெல்லாம் சேர்த்து மனு எழுதுங்கள்.

ஒப்பந்தம் போடுவது சென்னையில். எட்டுப் போக்குவரத்துக் கழகங்கள், ஒரு லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள், நீள மேசை. அந்த மேசையில் நம் மலை ஒரு ஓரம். பெரிய எண்கள் எல்லா நேரத்தையும் தின்றுவிடும். 2018 ஜனவரி வேலைநிறுத்தம் ஞாபகம் இருக்கும், பழைய அடிப்படைச் சம்பளத்தைப் போல நாம் 2.57 மடங்கு கேட்டோம், அரசு 2.44-ல் நின்றது. புள்ளிக்குப் பின்னால் என்ன பெரிய சண்டை என்று கேட்டவர்கள் உண்டு. பழைய அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் மாதம் 1,300 ரூபாய் வித்தியாசம். அகவிலைப்படி, பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் அதன்மேல்தான் கட்டப்படுகிறது. ஆகவே சண்டை சரிதான். ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரும் என்னிடம் 2.57 பற்றிக் கேட்கவில்லை. பச்சைத் தேயிலை பறிக்கப் போகிற அக்காமார்கள், “முதல் வண்டி நாளைக்காவது வருமா?” என்றுதான் கேட்டார்கள். எஸ்டேட் வரை நடந்தே போனார்கள். இதை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

மூன்று வருஷ ஒப்பந்தம் 2019 செப்டம்பரிலிருந்து நான்கு வருஷமாகிவிட்டது. அதனால் நம் ஒரு வரியை இந்த முறை விட்டால் இன்னும் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். மலைப்படி, இரவுத் தங்கல், கம்பளிச் சட்டை, கொண்டை ஊசி வளைவுத் தடங்களுக்கு ஓட்ட நேரம், இவற்றைப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் பையில் எழுத்தாகப் போட்டு அனுப்புங்கள். போனில் சொன்னது மேட்டுப்பாளையம் தாண்டாது.

கடைசியாகப் புதுச் சட்டம். 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. நான் இதுவரை சொன்ன 12(3), 18(1) எல்லாம் பழைய எண்கள். புது எண்ணை நீங்கள்தான் மனப்பாடம் செய்ய வேண்டும், எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் குறைதீர் குழு, இரு தரப்பும் சமமாக, பத்துப் பேருக்கு மிகாமல். குறை எழுந்து ஒரு வருஷத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டாலும் முடிவு பிடிக்காவிட்டாலும் 60 நாளுக்குள் சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். பேச்சுவார்த்தைக்குத் தனிச் சங்கமாக உட்காரத் தொழிலாளர்களில் 51 சதவீதம் பேர் அந்தச் சங்கத்தில் இருக்க வேண்டும். யாருக்கும் அது இல்லை என்றால் 20 சதவீதம் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு குழு. ஒரு டிப்போவில் கொடிக்கம்பம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், இது எங்கே போய் நிற்கும் என்று புரியும். பக்கத்துக் கொடிக்காரரோடு இன்றைக்கே டீ குடிக்க ஆரம்பிப்பது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம். தலைமை ஒப்புக்கொள்ளுமோ என்னவோ.

அந்த நாற்பது பக்க நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். அட்டை போய்விட்டது, பதினோராம் பக்கத்தில் காட்டெருமை இருக்கிறது. கைமாற்றிப் பாருங்கள், டீ கிளாஸை மேலே வைக்காதீர்கள். மூன்றரை மணி கோத்தகிரி வண்டியை நான் பிடிக்க வேண்டும். அதற்குள் திருப்பித் தந்துவிடுங்கள்.