கரேன் வீட்டுச் சோறும் சுவிசேஷ ஊழியமும்

போதகர் ஐயாவுக்கும், சபை மூப்பர்களுக்கும், இந்த மிஷனரி ஞாயிறு கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

பர்மாவின் கரேன் மக்கள் நடுவில் நடந்த ஊழியத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். மிஷனரி கதை என்றால் நாம் கப்பலிலிருந்துதான் தொடங்குவோம். சரி, கப்பலையும் சொல்லிவிடுகிறேன், அது நம் ஊரிலிருந்து கிளம்பிய கப்பல். அமெரிக்காவிலிருந்து வந்த அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1813-ல் சென்னையில் கரையிறங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை இந்தியாவில் இருக்கவிடவில்லை. அப்போது புறப்படத் தயாராக இருந்த கப்பல் ரங்கூனுக்குப் போவது, அதில் ஏறிவிட்டார்கள். பர்மாவில் அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியம் அப்படித்தான் ஆரம்பமானது.

ஆனால் நான் இன்றைக்கு அதிகமாகப் பேசப்போவது கரேன் மக்களின் வீட்டைப் பற்றி. அந்த ஊழியம் வளர்ந்தது அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரேன் மக்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள். கிறிஸ்தவர்கள் கணிசமாக இருந்தாலும் சிறுபான்மையினர்தான். நான் சொல்லப்போகிற உபசரிப்பு அந்த இனம் முழுவதற்கும் உரியது. விகாரைக்குப் போகிற வீட்டிலும் அதே பாய், அதே சோறு.

தாய்லாந்து எல்லையோரம் நான் தங்கிய ஒரு வீட்டைச் சொல்கிறேன். மூங்கில் வீடு, கால்கள் நட்டுத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது, இலை வேய்ந்த கூரை. செருப்பைக் கீழே விட்டு ஏணிப்படி ஏறினால் மூங்கில் தளம் காலுக்கடியில் மெல்ல அசையும். உட்கார்ந்தவுடன் தண்ணீர் வந்தது, பிறகு வெற்றிலைத் தட்டு. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்கள். பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை, அடுப்பில் ஏற்கெனவே உலை கொதித்துக்கொண்டிருந்தது. சோற்றை மலைபோலக் குவித்தார்கள். மிளகாய் சேர்த்து இடித்த மீன் விழுது, அவித்த கீரை, மூங்கில் குருத்தோடு கொஞ்சம் அரிசியும் போட்டுக் காய்ச்சிய தாளபோ என்கிற சாறு. பஞ்ச காலத்தில் கொஞ்சம் அரிசியை நிறையப் பேருக்கு வரச்செய்யும் உணவு அது. நாங்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை வீட்டார் ஒருவரும் கை நனைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கிண்ணத்தில் ஏதோ கொண்டுவந்து எங்கள் முன் வைத்துவிட்டு, பேசாமல் போய்விட்டார். இரவில் அந்த வீட்டின் நல்ல கொசுவலை எங்களுக்குத்தான் கட்டப்பட்டது. குழந்தைகள் எங்கே படுத்தார்கள் என்று காலையில்தான் யோசித்தேன். புறப்படும்போது அவர்கள் கையால் நெய்த தோள்பை ஒன்றை என் தோளில் மாட்டிவிட்டார்கள். அகதி அரிசியில் வாழ்கிற குடும்பம் அது.

இந்த மனதோடு இந்த மக்கள் சுவிசேஷத்தை எதிர்கொண்டதைப் பாருங்கள். பர்மாவின் தெற்கே தவோய் ஊருக்கு 1828-ல் ஜார்ஜ் டானா போர்டுமேன் என்கிற அமெரிக்க மிஷனரி போனார். அந்த வருஷமே மலையிலிருந்து கரேன் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஏறக்குறைய 12 வருஷங்களுக்கு முன் அந்த வழியே போன ஒரு முஸ்லிம் பயணி அவர்களிடம் விட்டுப்போனது. ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் துணி சுற்றி, கீல் பூசிய கூடையில் வைத்து, அத்தனை வருஷமும் வணங்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். யுவா என்கிற சிருஷ்டிகர்த்தா தங்களுக்குத் தந்த நூல் தொலைந்துபோயிற்று என்றும், வெள்ளைக்காரத் தம்பி ஒருநாள் அதைத் திரும்பக் கொண்டுவருவான் என்றும் அவர்களிடம் பரம்பரைக் கதை உண்டு. போர்டுமேன் பிரித்துப் பார்த்தால், அது இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப் புத்தகம், சங்கீதங்களும் சேர்ந்தது. நல்ல புத்தகம்தான், ஆனால் புத்தகத்தை வணங்காதீர்கள், அது சொல்கிற தேவனை வணங்குங்கள் என்று அவர் விளக்கினார். வழிப்போக்கன் விட்டுப்போன பொருளை ஒரு ஊரே இப்படிக் காத்தது என்பது என்னை இன்றும் அசைக்கிறது.

போர்டுமேனுக்குக் காசநோய். 1831 ஜனவரியில் கரேன் மக்கள் வந்து, உங்களுக்காக மலையடிவாரத்தில் மண்டபம் கட்டியிருக்கிறோம், நாங்களே தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். கட்டிலில் படுத்தபடியே அவரைச் சுமந்துகொண்டு போனார்கள். ஆற்றங்கரையில் அவரைக் கிடத்தி, அவர் கண்முன்னால் புதிதாக வந்திருந்த மிஷனரி பிரான்சிஸ் மேசன் 34 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். திரும்புகிற வழியில், பிப்ரவரி 11 அன்று, போர்டுமேன் கர்த்தருக்குள் நித்திரையானார். மனைவி சாரா ஊர் திரும்பவில்லை. சிறு மகனோடு மலைக் கிராமங்களுக்கு நடந்தார். பிள்ளையைக் கரேன் ஆண்கள் தோளில் சுமந்தார்கள்.

இப்போது கோ தா ப்யூ என்கிற கரேன் ஊழியரைச் சொல்கிறேன். முன்பு கொள்ளைக்காரன். ஏறக்குறைய முப்பது கொலைகளில் தனக்குப் பங்கு உண்டென்று தானே சொன்னவர். கடனுக்கு அடிமையாகக் கிடந்தவரை ஒரு பர்மியக் கிறிஸ்தவர் பணம் கட்டி மீட்டார். 1828 மே 16-ல் தவோயில் ஞானஸ்நானம் பெற்றார். அன்றிலிருந்து 1840-ல் இறக்கும்வரை கிராமம் கிராமமாக நடந்தார். மூட்டை முடிச்சு சுமக்கவில்லை, சத்திரம் தேடவில்லை. எந்த வீட்டில் ஏணி ஏறினாரோ அந்த வீட்டில் சாப்பிட்டார், அங்கேயே பேசினார், அங்கேயே தூங்கினார். லூக்கா 10-ல் கர்த்தர் எழுபது பேரை அனுப்பும்போது, முன்வைக்கிறதைப் புசியுங்கள் என்றாரே, அந்தக் கட்டளை இந்த மலைகளில் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது.

எழுத்து, அச்சு இவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோனத்தான் வேட் கரேன் மொழிக்கு எழுத்து அமைத்தார். மேசன் முழு வேதாகமத்தையும் கரேன் மொழிகளில் ஒன்றான ஸ்கா கரேனில் மொழிபெயர்த்தார், 1853-ல் அது முழுமையாக வெளிவந்தது. 1842-லேயே கரேன் மொழியில் பத்திரிகை வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய காரியம் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள பசீனில் நடந்தது. 1852 வரை அது பர்மிய அரசரின் கையில் இருந்தது. மிஷனரி எலிஷா அபட் மலைக்கு இந்தப் பக்கம், ஆங்கிலேயர் கையிலிருந்த அரக்கானில் சாண்டோவே என்ற ஊரில் இருக்கவேண்டி வந்தது. விசுவாசிகள் மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்து அவரிடம் வந்தார்கள், உபத்திரவம் இருந்தும் வந்தார்கள். அந்தச் சபைகள் தங்கள் போதகர்களைத் தாங்களே தாங்கின. வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டுப் பழகிய மக்களுக்கு, போதகருக்குச் சோறு போடுவது புதிய உபதேசமாக இருந்திருக்காது. கோ தா ப்யூவின் ஞானஸ்நானத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த 1878-ல் அவர் பெயரில் பசீனில் பெரிய மண்டபம் கட்டினார்கள். அதே காலத்தில் வடக்கே கச்சின் மலைகளுக்குத் தங்கள் பிள்ளைகளை மிஷனரிகளாகவும் அனுப்பினார்கள். சுவிசேஷம் பெற்று ஐம்பதே ஆண்டு!

நமக்கு அருகிலும் கரேன் மக்கள் இருக்கிறார்கள். நடு அந்தமானில் மாயாபந்தர் பக்கத்தில் வெபி என்ற கிராமம். 1925-ல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து வந்த கரேன் குடும்பங்கள் உண்டாக்கிய ஊர், அங்கே அவர்களுக்குச் சபையும் உண்டு. அந்தமானில் நம் உறவினர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். போனால் அங்கேயும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

1949-ல் பர்மாவில் தொடங்கிய கரேன் போர் இன்றுவரை முடியவில்லை. 1984 முதல் அகதிகள் தாய்லாந்து எல்லை முகாம்களில் இருக்கிறார்கள், மே லா அதில் பெரியது. முகாமிலேயே பிறந்து முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அங்கேயும் வேதாகமப் பள்ளி நடக்கிறது, நாலு குரலில் பாடகர் குழு பாடுகிறது. அப்புறம், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் போன்ற ஊர்களில் குடியேறிய ஆயிரக்கணக்கான கரேன் மக்களை நினைத்துப் பாருங்கள். அங்கே முதிர்ந்து மெலிந்துபோன பாப்டிஸ்ட் சபைகளுக்குள் இவர்கள் குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்தார்கள். ஜட்சனை அனுப்பிய தேசத்துக்கு அவர் ஊழியத்தின் பேரப்பிள்ளைகள் பாட்டோடும் சோற்றுப் பானையோடும் போயிருக்கிறார்கள். கர்த்தர் செய்கிற காரியம் இது, நான் உளமார நம்புகிறேன்.

நம் சபையிலிருந்து ஒரு குழு எல்லைப் பக்கம் போகலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். போகிறவர்களுக்கு என் வேண்டுதல் இவ்வளவுதான். முன்வைப்பதை வேண்டாமென்று தள்ளாதீர்கள், கொஞ்சமாவது சாப்பிடுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். அரிசியும் எண்ணெயும் கொண்டுபோனால் மேடையில் வைத்துக் கொடுக்காமல், சபை மூப்பர் கையில் அமைதியாகக் கொடுங்கள். பிரசங்கத்தைச் சுருக்கி, அவர்கள் சாட்சியைக் கேட்க நேரம் வையுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் செயலரைப் பாருங்கள்.