எரேமியா 29:11 அனுப்புகிறவர்களே, 29:10-ஐயும் சேர்த்து அனுப்புங்கள்!

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேமரா கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, தெரியும், விடுங்கள். இன்றைக்கு 23ஆம் சங்கீதம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அப்புறம். நேற்றிலிருந்து ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது, முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

வேலை போனதிலிருந்து என் போனில் வசனப் படங்கள் வந்து குவிகின்றன. எனக்கு வசனப் படம் என்றாலே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் சூரிய உதயம், மேலே ஒரு புறா, நடுவில் மினுமினுக்கிற எழுத்து. அன்பாகத்தான் அனுப்புகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் ஒரே வசனம், எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நேற்று வந்த படத்தில் அதற்குக் கீழே, "இந்த மாதமே உங்கள் அற்புதம், ஆமென் என்று பதில் போடுங்கள்" என்று வேறு இருந்தது. எரிச்சலில் வேதத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். அப்படியே முந்தின அதிகாரத்துக்கும் போனேன். இரவு வெகுநேரம் தூங்கவே இல்லை, அவ்வளவு நன்றாக இருந்தது!

அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும், பிரபுக்களையும், தச்சர்களையும், கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். அப்படிச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. 11ஆம் வசனத்துக்கு ஒரு படி மேலே, 10ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? 70 வருஷம்! 70 வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதே இல்லை. இந்த மாதம் அல்ல, இந்த ஆயுளிலேயே இல்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன், முக்கியமான ஆளை விட்டுவிட்டேன். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன். அவனும் தீர்க்கதரிசிதான், அவனும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றுதான் ஆரம்பிக்கிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவருவார்கள், ஆலயத்துப் பாத்திரங்களும் வந்துவிடும் என்றான். சொன்னதோடு நிற்காமல், பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து எல்லார் முன்னாலும் உடைத்தும் காட்டினான். கூட்டத்துக்கு யாரைப் பிடித்திருக்கும்? எனக்கே அனனியாவைத்தான் பிடித்திருக்கும். எரேமியாகூட முதலில், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அந்த இடத்தில் எனக்கு எரேமியாவை ரொம்பப் பிடித்துப்போனது. அவருக்கும் அது நடந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு என்பது அவருக்குத் தெரியும்.

மனம் புதிதாகிறது, மனம் புதிதாகிறது என்று ரோமர் 12:2-ஐ வைத்து எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். இந்த முறை அது வேறு மாதிரிப் பிடிபட்டது. என் மனம் அனனியா மனம். இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும், இந்த வாரம் பதில் வந்துவிடும், இந்தத் தொலைபேசி அழைப்புதான் அந்த அழைப்பு என்று தேதி குறித்துக்கொண்டே இருக்கும் மனம். தேதி தள்ளிப்போனால் தேவன்மேலேயே கோபம் வருகிறது. எரேமியாவின் கடிதம் அந்த மனதைப் பிடித்துத் திருப்புகிறது. வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள். அதைவிடப் பெரியது 7ஆம் வசனம். உங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள்! காத்திருக்கிற காலமும் வாழ்க்கைதான், அதை ஒத்திவைக்காதே என்கிற கடிதம் அது. என்னை வேலையிலிருந்து அனுப்பியவர்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனால் ஜெபிக்கிறேன்.

அந்தக் கடிதம் அங்கே எல்லாருக்கும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செமாயா என்று ஒருவன், "இந்த எரேமியாவை ஏன் கண்டிக்காமல் விட்டிருக்கிறீர்கள்" என்று எருசலேமுக்குப் புகார்க் கடிதமே போட்டான். என் வீடியோவுக்குக் கீழேயும் இரண்டு செமாயாக்கள் உண்டு, வாழ்க!

சரி, காலை நேரம். போனைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதம் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அது ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது! சிக்கல் அலாரம்தான். அலாரம் போனில் இருக்கிறது. நிறுத்தக் கையில் எடுத்தால், விரல் தானாகவே செய்திக்குப் போய்விடும். அதனால் ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினேன். அழகாக இருக்கிறது, ஆனால் இரவில் அது போடுகிற டிக் டிக் சத்தம் இருக்கிறதே! துணி சுற்றிப் பார்த்தேன். அலமாரிக்குள் வைத்தேன். அங்கே டிக் டிக் கேட்கவில்லை, அலாரமும் கேட்கவில்லை. கடைசியில் அறைக்கு வெளியே, கதவை ஒட்டித் தரையில் வைத்தேன். இப்போது எழுந்து கதவைத் திறந்து நான்கடி நடந்தால்தான் நிறுத்த முடியும். அதற்குள் தூக்கம் கலைந்துவிடுகிறது, வேதம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, போன் அடுத்த அறையில் கிடக்கிறது. வெற்றி! இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குப் புரியாது. கறுப்பு நிறத்தில் வாங்கியிருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

எந்தச் சங்கீதம் என்று கேட்பீர்கள். 13. மொத்தம் 6 வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது. "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்?" இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு ஒரே யோசனையைத் திரும்பத் திரும்ப அரைத்திருக்கிறவர்களுக்கு அந்த வரி புரியும். 5ஆம் வசனத்தில் கிருபையின்மேல் நம்பிக்கை வைக்கிறார். ஆனால் அதற்குள் சூழ்நிலை மாறிவிட்டதாக எங்கேயும் இல்லை, பாருங்கள். 88ஆம் சங்கீதத்தில் அந்த ஆறுதல் வரிகூடக் கிடையாது. இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். விசுவாசி எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

அப்புறம், மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார்கள். இல்லவே இல்லை! எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது, தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடியும் தூங்க விட்டான், மறுபடியும் சாப்பிட வைத்தான். 1 இராஜாக்கள் 19. ஸ்பர்ஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்தவர். 1856-இல் அவர் கூட்டத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் விட்டுவிட்டு வந்தது, அதை அவர் மேடையிலேயே மறைக்காமல் பேசினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா? தூக்கம் போய்விட்டதா, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா, இன்றைக்கே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் பண்ணுங்கள். இரண்டும் சேர்ந்து போகும்.

23ஆம் சங்கீதத்தை மறுபடியும் தள்ளிப்போடுகிறேன், மன்னிக்கவும். அடுத்த வீடியோ யோபுவின் நண்பர்கள். ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் இருந்தவரைக்கும் அவர்களை எனக்குப் பிடிக்கும். எட்டாம் நாளிலிருந்துதான் தகராறு. யோபு 3 முதல் 5 வரை படித்துவிட்டு வாருங்கள், அந்த நண்பர்களில் முதலில் வாய் திறக்கிற எலிப்பாசை நான் சும்மா விடப்போவதில்லை.