சட்டக் கல்லூரியும் விசாரணை நீதிமன்றமும்

பேராசிரியப் பெருமக்களே, வழக்கறிஞர் நண்பர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

வருங்கால வழக்கறிஞர்களைச் சட்டக் கல்லூரிகள் எப்படிப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. சட்டம் ஒரு கல்வித்துறை, அதன் கொள்கைகளை ஆழமாகக் கற்பிப்பதே பல்கலைக்கழகத்தின் வேலை, தொழிலை அவரவர் சீனியரிடம் கற்றுக்கொள்ளட்டும் என்பது ஒரு தரப்பு. பட்டம் பெற்று வருபவருக்கு கட்சிக்காரருக்காக முன்னிலையாக அதிகாரம் தரும் ஒரு வக்காலத்துப் பத்திரம்கூட நிரப்பத் தெரியவில்லை, ஐந்தாண்டுகள் என்னதான் கற்பித்தீர்கள் என்று கேட்பது மறுதரப்பு. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் உண்மையான ஒருவரின் உண்மையான வழக்கை, அதற்குப் பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், கையாண்டிருக்க வேண்டும். அதற்குரிய இடம் கல்லூரியின் சட்ட உதவி மையம். அந்த மையம் இன்று பெரும்பாலும் பெயரளவில் இருக்கிறது. அது கல்லூரியின் நடுவிடத்துக்கு வரவேண்டும்.

இந்த விவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. 1870இல் அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் முதல்வராகப் பொறுப்பேற்ற லாங்டெல், மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படித்து அவற்றிலிருந்து கொள்கைகளைப் பிரித்தெடுக்கும் முறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். சிந்தனையைக் கூர்மையாக்கும் அந்த முறையின் அருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் இருக்கும் சங்கதிகள் யாவும் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டவை. எந்தச் சாட்சி நம்பத்தக்கவர், எந்த ஆவணம் காணாமற்போனது, கட்சிக்காரர் முதல் நாள் மறைத்துவைத்த செய்தி என்ன என்பவையெல்லாம் தீர்ப்பில் வருவதற்கு முன்பே வடிகட்டப்பட்டுவிடுகின்றன. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜெரோம் ஃபிராங்க் 1933இலேயே இதைச் சுட்டிக்காட்டி, மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துக் கற்பதுபோலச் சட்ட மாணவர் கட்சிக்காரரைப் பார்த்துக் கற்கக் கூடாதா என்று கேட்டார். அமெரிக்காவில் 1960களின் இறுதியில் அந்தக் குரலுக்குச் செவிசாய்த்தார்கள். மேற்பார்வையின்கீழ் மாணவர்கள் நீதிமன்றத்தில் முன்னிலையாவதற்கு அங்கே பல மாநிலங்களில் விதிகள் வகுக்கப்பட்டன.

நம் நாட்டில் விவாதம் வேறு பாதையில் போயிற்று. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, பட்டம் பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முன் பயிற்சி பெற்றுத் தேர்வெழுத வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. 1995இல், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைத் தன் விதிகளின் வழியாகத் திரும்பக் கொண்டுவர முயன்றது. சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் நீக்கியதை விதியின் மூலம் கொண்டுவர முடியாது என்று 1999இல் வி. சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. பிறகு 2010இல், பட்டம் பெற்றவர் தொழில் செய்வதற்குத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு அறிவிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் தேர்வை உறுதி செய்ததோடு, சுதீர் வழக்கின் தீர்ப்பு சரியான சட்டநிலையைச் சொல்லவில்லை என்றும் கூறிவிட்டது.

இவ்வளவு வழக்குகளும் பட்டத்திற்குப் பின்னால் என்ன செய்வது என்பதைப் பற்றியே நடந்தன. கல்லூரிக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. பார் தேர்வு என்பது நூறு கொள்குறி வினாக்கள். சட்டப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். ஒருவர் சட்டத்தைப் புரட்டி விடை காணத் தெரிந்தவரா என்பதை அது காட்டும். அழுதுகொண்டே தொடர்பில்லாமல் பேசும் ஒருவரிடமிருந்து வழக்குக்கு வேண்டிய செய்தியை வாங்கத் தெரிந்தவரா என்பதை அது காட்டாது.

கல்லூரிக்குள் முயற்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்ட உதவி மையத்தை நடத்திய அனுபவத்தோடு பெங்களூருக்கு வந்த பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனன், அங்கே தேசியச் சட்டப் பள்ளியின் முதல் இயக்குநராக ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை உருவாக்கிக் காட்டினார். முதல் அணி மாணவர்கள் 1988இல் சேர்ந்தார்கள். பின்னர் வந்த, பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளும் மோசமானவை அல்ல. வழக்குரை வரைதலும் ஆவணம் எழுதுதலும், தொழில் நெறிமுறை, தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் மாற்றுமுறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றமும் இன்டர்ன்ஷிப்பும் என நான்கு செய்முறைப் பாடங்களை அவை கட்டாயமாக்கின. மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன.

காகிதத்தில் இவ்வளவும் இருக்கின்றன. நடைமுறையில் என்ன ஆகிறது என்பது இந்த அரங்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். ஓர் உரிமையியல் வழக்கையும் ஒரு குற்றவியல் வழக்கையும் நீதிமன்றத்தில் நேரில் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும் என்ற பகுதி, முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதாகச் சுருங்கிவிடுகிறது. இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தெரிந்த வழக்கறிஞரிடமிருந்து ஒரு கையெழுத்தாக வந்துவிடுகிறது. மாணவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய வகுப்பில் யாரும் படித்துப் பார்க்காத நோட்டை எழுதச் சொன்னால், எந்தத் தலைமுறை மாணவரும் இதைத்தான் செய்வார்.

மனப்பாடக் கல்வியின் வரம்பை அண்மையில் சட்டமே நமக்குக் காட்டியது. 2024 ஜூலை 1ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கான தண்டனை 302ஆம் பிரிவிலிருந்து 103க்குப் போனது. 420ஆம் பிரிவின் மோசடி 318க்குள் அடங்கியது. பிரிவு எண்களை மட்டும் கற்றவர்கள் அன்று காலையில் திகைத்தார்கள். ஒரு குற்றத்தின் கூறுகள் எவை, அவற்றுள் எதை எந்தச் சாட்சியத்தால் மெய்ப்பிப்பது என்று யோசிக்கப் பழகியவர்களுக்கு அந்த மாற்றம் சில நாள் சிரமம், அவ்வளவே.

சட்ட உதவி மையம் உண்மையாக இயங்கினால் என்ன நடக்கும் என்பதை ஒரே வகை வழக்கைக் கொண்டு சொல்கிறேன். கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டு வருகிறார். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எதுவாயினும், அவர் இலவச சட்ட உதவிக்கு உரியவர். அவர் கேட்கும் பரிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் மாணவருக்கு வேலை தொடங்குகிறது. திருமணம் எங்கே நடந்தது, பதிவாகியிருக்கிறதா, இல்லையென்றால் அழைப்பிதழோ புகைப்படமோ குடும்ப அட்டையோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கணவர் சம்பளக்காரரா, கூலி வேலை செய்பவரா, நிலம் இருந்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. அந்தப் படிவத்தை அந்தப் பெண்ணோடு அமர்ந்து வரிவரியாக நிரப்ப வேண்டும். மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் அவரால் ஒரு தொகையாகச் சொல்ல முடியாது. அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம், மாமியார் வீட்டில் விட்டுவந்த நகை என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அதைப் பொறுமையாகக் கேட்டு, மனுவில் ஏற்றத் தக்கதைப் பிரித்து, அவர் சொல்லாததைச் சேர்க்காமல் எழுத வேண்டும். அப்படி ஒரு மனுவை எழுதிய மாணவர் தொழில் நெறிமுறைப் பாடத்தை வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை. குடும்பச் சட்டமும் சாட்சியச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் அன்றைக்கு அவருக்கு ஒரே பாடமாகிவிடும்.

அந்த மனு தமிழில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சிகள் தமிழில்தான் பேசுகிறார்கள். குறுக்கு விசாரணையும் தமிழில்தான். உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இயங்குகிறது. இரண்டிலும் எழுதத் தெரிந்த வழக்கறிஞர் நமக்கு வேண்டும். ஆனால் தெளிவான தமிழில் ஒரு வழக்குரையோ எதிர்வாதுரையோ எழுதுவதற்கு ஒழுங்கான பயிற்சி தரும் வகுப்புகள் மிகக் குறைவு. மாதிரி நீதிமன்றப் போட்டிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் மேல்முறையீட்டு வாதங்களாகவே நடக்கின்றன. முன்சீப் கோர்ட்டில் ஒரு கிராம நிர்வாக அலுவலரை அடங்கல் என்னும் சாகுபடிப் பதிவேடு பற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் போட்டியை நடத்திப் பாருங்கள். எவ்வளவு முன்தயாரிப்பு தேவைப்படுகிறது என்பது புரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களுள் எனக்கு வலுவாகப் படுவது ஆசிரியர் பற்றியது. முழுநேரச் சம்பளம் பெறும் சட்டப் பேராசிரியர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய இயலாது. தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் கற்பிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஆகவே வகுப்பறையில் முழு நேரமும் இருப்பவருக்கு நீதிமன்றம் இல்லை. நீதிமன்றத்தில் இருப்பவருக்கு வகுப்பறையில் நேரம் இல்லை. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியரே வார்டிலும் நிற்கிறார். நாம் அந்தப் பாலத்தை உடைத்துவைத்துவிட்டு, மாணவர் எப்படியோ கடந்துவருவார் என்று எதிர்பார்க்கிறோம். சட்ட உதவி மையத்தில் ஏற்கும் வழக்குகளுக்கு மட்டும், கட்டணம் பெறாமல், முழுநேர ஆசிரியர் நீதிமன்றத்தில் முன்னிலையாகலாம் என்று பார் கவுன்சில் விதிகளில் ஒரு விலக்கைச் சேர்ப்பது நியாயமான கோரிக்கை என்று நான் கருதுகிறேன்.

கட்சிக்காரரின் நலன் என்னாகும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கவலை சரியானதே. ஏழையின் வழக்கைப் பயிற்சிக் களமாக்கிக் கெடுத்துவிடக் கூடாது. அதனால்தான் மேற்பார்வையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். மாணவர் எழுதும் ஒவ்வொரு மனுவிலும் பொறுப்பான ஒருவரின் கையெழுத்து இருக்க வேண்டும். அதே சமயம், இன்று பட்டம் பெற்றுப் பதிவு செய்த மறுநாளே ஒருவர் எந்த மேற்பார்வையும் இல்லாமல் ஓர் ஏழையின் வழக்கை நடத்தலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கட்சிக்காரருக்கு அதுதான் பெரிய ஆபத்து. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. கல்லூரி தராத அனுபவத்தை வேறெங்கிருந்தோ வாங்கிவரச் சொல்லும் ஆணையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

சீனியரிடம் கற்றுக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். சீனியர் கிடைப்பது குடும்பத்தையும் ஊரையும் சாதியையும் பொறுத்தது என்பது நாம் வெளியில் பேசத் தயங்கும் உண்மை. சம்பளம் இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்க, வீட்டில் வசதி வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் தரப்பட வேண்டும் என்று கூறியதை மனதார வரவேற்கிறேன். அது எல்லா அலுவலகத்திலும் நடைமுறைக்கு வரும்வரை, முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொள்ளக் கல்லூரியை விட்டால் வேறு இடம் இல்லை.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களில் வழக்கறிஞர் அல்லாத முகவரும் முன்னிலையாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்ட மேல்முறையீடு, பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் ஆகியவற்றுக்கு வக்காலத்தே தேவையில்லை. கல்லூரி முதல்வர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, வாரம் ஒரு நாள் குழுவின் வழக்கறிஞர் ஒருவரைக் கல்லூரி மையத்துக்கு அனுப்பக் கேட்கலாம். இறுதியாண்டு மாணவர் பத்துப் பேரையும் ஓர் ஆசிரியரையும் கொண்டு, இந்த மூன்று வகை மனுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வருகிற பருவத்திலேயே தொடங்கலாம். செய்முறைப் பாடத்துக்கான மதிப்பெண்ணை ரெக்கார்டு நோட்டுக்குப் பதிலாக அந்தக் கோப்புகளுக்கு வழங்கும் அளவுக்குப் பல்கலைக்கழகம் இடங்கொடுத்தால் போதும்.